எதையும் எடுக்காத திருடன்

"அவன் மட்டும் என் கையில கெடைச்சான்னா, கையை ஒடைச்சு அடுப்புல வெச்சிடுவேன்!"

டைல்ஸ் கடை முதலாளி குதித்த குதியில், கார் பட்டறையில் படுத்திருந்த நாய்கூட எழுந்து வெளியே போய்விட்டது.

குதிக்க மாட்டாரா பின்னே? வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத கார். முன் கதவுக் கண்ணாடியை எவனோ சுக்குநூறாக்கிவிட்டான். புதுக் கண்ணாடி வந்து சேர ஒரு வாரம் பிடித்தது. அதுவரை கதவில் பாலிதீன் தாளை ஒட்டிக்கொண்டு, அது படபடவென்று அடித்துக்கொள்ள, ஊரெல்லாம் சுற்றியிருக்கிறார். மானம் போகாதா?

"பாத்து டாக்டர் சார், சீட்டுல இன்னும் கண்ணாடிப் பொடி இருக்கு" என்றார் மெக்கானிக்.

டைல்ஸ்காரர் எப்போது டாக்டரானார் என்று கேட்காதீர்கள். காரின் முகப்புக் கண்ணாடியில் சிவப்பு பிளஸ் குறி போட்டு 'டாக்டர்' என்று ஒரு ஸ்டிக்கர். மச்சினன் வாங்கித் தந்தது. "ஒட்டிக்குங்க மாமா. போலீஸ் மறிக்க மாட்டாங்க, எங்க நிறுத்தினாலும் ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டான்" என்றான்.

சொன்னது சொன்னபடி நடந்தது. இன்றைக்கும் பாருங்கள், மூன்று வண்டிகள் வரிசையில் காத்திருக்க, இவர் வண்டிதான் முதலில் பட்டறைக்குள் நிற்கிறது. நான் டாக்டர் இல்லை என்று சொல்ல இவருக்கென்ன பைத்தியமா?

மெக்கானிக் கதவின் உள்பலகையைக் கழற்றி, அடியில் விழுந்து கிடந்த சில்லுகளை அள்ளினார்.

"என்னென்ன சார் போச்சு?"

"அதான்யா எனக்கும் புரியல. ஒண்ணுமே போகல! கூலிங் கிளாஸ் வெச்ச இடத்துல இருக்கு, புது சார்ஜர் இருக்கு. முன் சீட்டுல ஒரு கறுப்புப் பை இருந்துச்சு. அதைத் திறந்து கவுத்துக் கொட்டிட்டுப் போயிருக்கான்."

"பையில என்ன சார், மருந்தா?"

"ஆங்... ஏதோ சாமான்" என்று மழுப்பினார். இருந்தவை டைல்ஸ் சாம்பிள் துண்டுகள்.

"வண்டி எங்க நின்னுச்சு?"

"இதோ, பக்கத்துத் தெருவுலதான். ஒரு மாடி வீட்டுக்கு வேலையாப் போயிருந்தேன். வெளிச்சம்கூட இன்னும் போகல, என்ன தைரியம் பாத்தியா! தெருவுல வேற எவளோ 'டாக்டர், டாக்டர்'னு தொண்டை கிழியக் கத்திட்டிருந்தா. அந்தக் கூச்சல்ல கண்ணாடி உடைஞ்ச சத்தம் எனக்குக் கேக்கல. திருட்டுப் பய நேரம் பாத்து அடிச்சிருக்கான்."

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க எறங்கிப் போய்ப் பாக்கலையா சார்?"

"நானா? நான் எதுக்குப்..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "முக்கியமான வேலையா இருந்தேன்யா."

அப்போது பட்டறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். காரையும் ஸ்டிக்கரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வாங்கக்கா" என்ற மெக்கானிக், குரலைத் தாழ்த்தி இவரிடம் சொன்னார். "அந்தத் தெருவுல தையல் கடை வெச்சிருக்காங்க சார். பாவம், போன வாரம்தான் வீட்டுக்காரர் தவறிட்டார்."

அவள் நேராக இவரிடம் வந்து கைகூப்பினாள்.

"டாக்டர் ஐயா, மன்னிச்சிடுங்க. உங்க கண்ணாடியை உடைச்சது நான்தான். இஸ்திரிப் பெட்டியால உடைச்சேன்."

இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்களா? எதுக்கும்மா?"

"துணி வெட்டிக்கிட்டிருந்த எங்க வீட்டுக்காரர், நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு அப்படியே சாஞ்சிட்டார். வெளிய ஓடி வந்தா கடை வாசல்லயே டாக்டர் வண்டி! கடவுளாப் பாத்துக் கொண்டாந்து நிறுத்தின மாதிரி இருந்துச்சு. கத்திக் கத்திக் கூப்பிட்டேன். யாரும் வரல. உள்ள கறுப்புப் பை தெரிஞ்சுது. மருந்து மாத்திரை ஏதாவது இருக்காதான்னு உடைச்சிட்டேன்."

இவர் கண் ஸ்டிக்கர் பக்கம் போய்த் திரும்பியது.

"பாத்தா, டைல்ஸ் துண்டு. சொந்த வீடு கட்டுறீங்க போல. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? உங்க மேல தப்பே இல்லைங்க."

அப்பாடா என்றிருந்தது இவருக்கு. போன உயிர் கொஞ்சம் திரும்பியது. கையை மெல்ல உயர்த்தி, டாக்டர்கள் பேசுகிற அதே சாந்தமான குரலில், "பரவாயில்லம்மா. கண்ணாடிதானே, போனா போகுது. மனசைத் தேத்திக்குங்க" என்றார்.

மெக்கானிக்கூட அவரை மரியாதையோடு பார்த்தார்.

அவள் போகவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"உங்களை ஒண்ணே ஒண்ணு கேக்கணும் ஐயா. ஒரு வாரமா கண்ணை மூட முடியல. அன்னைக்கு அந்த வழியா ஒரு டாக்ஸி வந்துச்சு. 'ஏத்தும்மா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்'னு டிரைவர் எறங்கிக் கதவையே திறந்துட்டார். 'டாக்டர் வண்டியே இங்க நிக்குது, இதோ வந்துடுவார், வேணாம்'னு சொல்லி நான்தான் அனுப்பிவெச்சேன்."

டைல்ஸ்காரர் சில்லுகள் கிடந்த சீட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் டாக்டர் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

அவள் குனிந்து அவர் முகத்தையே பார்த்தாள்.

"சொல்லுங்க டாக்டர், நீங்க சொன்னா நான் நம்புவேன். அந்த டாக்ஸியை அனுப்பினது என் தப்பா?"