புது சுகர் மெஷின்

“ஆறாயிரமா? ஒண்ணும் வேண்டாம். இருக்கற மெஷினே நன்னா வேலை செய்யறது” என்றாள் அம்மா விஜயலக்ஷ்மி.

ஸ்ரீநாத்துக்குச் சுருக்கென்றது. அப்பா ஸ்ரீரங்கனுக்குச் சர்க்கரை. விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தில் அளவு பார்க்கிற மெஷின் நாலு வருஷமாக வீட்டில் இருக்கிறது. அதை மாற்றலாம் என்றுதான் கேட்டான்.

“புது மாடல்மா. இப்பத்தான் மெட்ராஸுக்கே வந்திருக்கு. பழசுல ரத்தத்தைத் துடைக்கணும், ரெண்டு நிமிஷம் காத்துண்டிருக்கணும். இதுல முக்கால் நிமிஷம். நம்பர் பெரிசாத் தெரியும். அப்பா கண்ணாடி இல்லாமலே படிச்சுக்கலாம்.”

“அதான் நான் படிச்சுச் சொல்றேனே?”

“முன்னாடி பார்த்த நம்பரெல்லாம்கூட அதுவே ஞாபகம் வச்சுக்கும்.”

“அதெல்லாம் எதுக்குடா? அதுல ரத்தம் வைக்கற ஸ்ட்ரிப் ஒண்ணு முப்பது ரூபாயாமே. மாசத்துக்கு என்ன ஆறதுன்னு பாரு.”

போன மாசம் வாஷிங் மெஷின் வாங்கியபோது அம்மா விலைகூடக் கேட்கவில்லை. அப்பாவுக்கு என்றால் மட்டும் இவ்வளவு கணக்கா?

அன்று சாயங்காலமே லஸ் கார்னரில் அப்துல் வஹீத்தின் மருந்துக் கடைக்குப் போய் வாங்கிவந்துவிட்டான்.

மறுநாள் காலை அவனே அப்பாவின் விரலில் குத்தினான். அம்மா சமையலறை வாசலிலேயே நின்றாள்.

“நூத்திப் பதினெட்டு!” என்று கத்தினான். “நேத்து நூத்தி அறுபதுன்னியேம்மா?”

அம்மா வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். “பழசு தப்பாக் காட்டியிருக்கும்டா.”

“தப்பான மெஷினை வச்சுண்டுதான் புதுசு வேண்டாம்னியா?”

அம்மா விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள்.

ஆபீஸ் விட்டதும் பழைய மெஷினோடு மறுபடி வஹீத் கடைக்குப் போனான்.

“இது நாப்பது பாயிண்ட் ஜாஸ்தி காட்டறது பாய்.”

“கையக் குடு தம்பி, பாத்துருவோம்.”

ஸ்ரீநாத்தின் விரலிலிருந்தே சொட்டெடுத்து, பழசிலும் கடையிலிருந்த புது மெஷினிலும் பார்த்தார் வஹீத். பழசில் தொண்ணூத்தி ரெண்டு. புதுசில் தொண்ணூத்தி நாலு.

“பழசு பக்காவா கீது. இன்னும் அஞ்சு வருஷம் ஓடும். இதைப் போய் யாரு ரிப்பேர்ன்னது?”

மெஷினில் தப்பில்லை. அப்படியானால் படித்துச் சொன்னவளிடம்தான். அம்மாவை இன்று கேட்டே விடுவது என்று விடுவிடுவென்று நடந்தான்.

பூங்கா வாசலில் அப்பா எதிர்ப்பட்டார். வாக்கிங் முடித்த வியர்வை.

“அப்பா, மெஷின் சரியாத்தான் இருக்கு. அம்மாதான் கூட்டிச் சொல்லியிருக்கா!”

“ஆமாம். தினமும் நாப்பது” என்றார் ஸ்ரீரங்கன் நிதானமாக. “டாக்டருக்குக் காட்டற நோட்டுல மட்டும் சரியா எழுதுவா. ஒரு நாள் அதைப் பார்த்துட்டேன். மூணு வருஷமா எனக்குத் தெரியும்.”

ஸ்ரீநாத் நின்றுவிட்டான். “எதுக்குப்பா இப்படி?”

“குறைஞ்சிருக்குன்னு தெரிஞ்சா நான் நடக்கறதை நிறுத்திடுவேன், ஸ்வீட்ல கை வச்சுடுவேன்னு அவளுக்குப் பயம். நியாயமான பயம்தான், என்னை அவளுக்குத் தெரியாதா? அவ சொல்ற நம்பருக்குப் பயந்தாப்பல நானும் நடந்துண்டிருக்கேன். இன்னிக்கு நூத்திப் பதினெட்டு வந்ததே, அது சும்மாவா வந்தது?”

“இப்ப அம்மாகிட்ட நான் என்ன சொல்றது?”

“பழசு ரிப்பேர்தான், கடைக்காரரே பார்த்துச் சொல்லிட்டார்னு சொல்லு. சீக்கிரம் போடா. பாவம், மாட்டிண்டோமேன்னு காலைலேர்ந்து ஒரு வாய் சாப்பிடலை அவ.”