சொன்னபடி கேட்ட சறுக்குக்கட்டை

குல்மார்க் பனிச்சரிவில் சூறைக்காற்று சுழற்றியடித்தது. இருவர் காலிலும் மாட்டிய சறுக்குக்கட்டைகள் சொன்னபடி ஓடுபவை, தமிழும் தெரிந்தவை. தமயந்தி மறுபடியும் குப்புற விழுந்ததும் அவளுடைய புதுக் கணவன் சேந்தன் சிரித்துவிட்டான்.

"இனிமே உங்க மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன். போயிட்டு வரேன்!" என்று கத்தினாள்.

கட்டைகள் அவளை அடிவாரத்து விடுதிவரை கொண்டுபோயின. அவள் கழற்றக் குனிவதற்குள் திரும்பி மேலேறி, சேந்தன் எதிரிலேயே நிறுத்தின.

"அதுக்குள்ள வந்துட்டியா?"

"பல்லைக் காட்டாதீங்க. வாய்ப் பழக்கம்."

"அப்ப 'போறேன்'னு மட்டும் சொல்லு, விட்டுடும்."

வாயைத் திறந்தாள். இந்தப் புயலில் ஒற்றையாய் நிற்கிறவனிடம் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது?

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "போகலாம்" என்றாள்.

அவன் கட்டைகளும் சேர்ந்தே கிளம்பின.