யானையிடம் இருந்த கரைதல்

ஒரு காகத்துக்குப் பயங்கர மறதி. எந்த வீட்டு மாடியில் சோறு வைப்பார்கள் என்பதுகூட நினைவில் நிற்காது.

"எல்லாத்தையும் எங்கிட்ட குடுத்துடு தம்பி, நான் ஞாபகம் வச்சுக்கறேன். காசே வேணாம்" என்றது யானை.

காகம் முதலில் மாடிகளைச் சொல்லிவைத்தது. பிறகு கூடு இருக்கும் மரத்தை, குஞ்சுகளின் பெயர்களை. கடைசியில் தொண்டை வலிக்கிறதென்று தன் கரைதலையும் கொடுத்துவிட்டது. அதன்பின் காகத்தால் பேச மட்டும்தான் முடிந்தது. காகத்துக்குப் பதிலாக யானைதான் தெருத்தெருவாகப் போய்க் கரைந்தது. மாடியில் இருந்தவர்கள் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

பசி தாங்காமல் ஒருநாள் காகம் சொன்னது: "இந்த ஏற்பாட்டுலேருந்து நான் விலகிக்கறேன் அண்ணே."

"தாராளமா. மூணு தடவை கரைஞ்சிட்டுப் போ. அதுதான் விதி."

"கரையறது உங்ககிட்டல்ல இருக்கு?"

"ஆமா, பத்திரமா இருக்கு."

அன்று அமாவாசை. எதிர்மாடியில் கோமதிநாயகம் இலையில் சோறும் வாழைக்காய்க் கறியும் வைத்துவிட்டு நின்றார். காகம் சாப்பிடாமல் அவர் சாப்பிட முடியாது. காலையிலிருந்து பட்டினி வேறு. தொண்டை கிழியக் கூப்பிட்டார்: "கா! கா! கா!"

காகம் அவர் வாயையே உற்றுப் பார்த்தது. பிறகு அவரைப் போலவே, நடுவில் அவர் இருமிய இருமலையும் சேர்த்து, மூன்று தடவை கரைந்துவிட்டு மாடிக்குப் பறந்தது.

"உச்சரிப்பு சரியில்லையே!" என்று கீழேயிருந்து கத்தியது யானை.

காகத்தின் வாய் நிறையச் சோறு.