பந்துக்குள் சத்தம்

“பந்துக்குள்ள என்ன கிடக்கு?”

நடுவர் ஸெய்னுதீன் மைதானத்தின் நடுவில் நின்று கேட்டார்.

உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. குறிஞ்சாக்கேணி ஒரு பக்கம், சீனன்குடா மறுபக்கம். இறுதிப் போட்டிப் பந்தைச் சட்டப்படி நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று, மீன் வாடியில் இரவல் வாங்கிய தராசில் வைத்தார். நானூற்று நாற்பது கிராம். சரி. தையற்கார நாடாவால் சுற்றளவு பார்த்தார். அறுபத்தொன்பது சென்றிமீற்றர். அதுவும் சரி. கையில் எடுத்தபோதுதான் அது கிலுங்கியது.

குலுக்கினார். கிலுங் கிலுங்.

“பேணாட்! இஞ்ச வாங்க.”

லீக்கின் பந்துகளையெல்லாம் கையால் தைப்பவர் பேணாட். மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டபடி வந்து நின்றார்.

“பந்துக்குள்ள காத்து மட்டும்தான் இருக்கோணும். தெரியுமா, தெரியாதா?”

“தெரியும் நானா.”

“அப்ப இது என்ன? கிலுகிலுப்பையா? தொட்டில்ல கட்டவா?”

சனம் சிரித்தது. பேணாட் சிரிக்கவில்லை.

“நல்ல பந்து நானா. இந்த வருஷம் ஏழு மெட்சும் இதாலதானே நடந்தது.”

ஏழு மெட்ச்! ஸெய்னுதீனுக்குச் சுள்ளென்று ஏறியது. இத்தனை நாளும் காதில் கிலுங்கியதைச் சீனி வருத்தம் என்று நினைத்து, அதற்கு மாத்திரை வேறு போட்டுக்கொண்டிருந்தார்.

கண் விஷயத்தில் ஏற்கெனவே அவருக்குப் பயம். போன வருஷம் கம்பத்துக்கு வெளியே போய்க் கடலில் விழுந்த பந்துக்குக் கோல் கொடுத்தார். மைதானத்துக்குள் வந்த ஆட்டுக்கு மஞ்சள் அட்டை காட்டினார். “இன்னும் ஒரு பிழை விட்டா விசிலைத் தந்திட்டுப் போங்க” என்று செயலாளர் தனஞ்சயன் சொல்லிவிட்டார்.

கண் பரிசோதனைக்கு முதல்நாள், அட்டையிலுள்ள எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு போனவர் ஸெய்னுதீன். மனைவி ஸல்ஹாவுக்கும் அது தெரியாது. ஆனால் இந்த வருஷம் ஒரு பிழைகூட விடவில்லை. ஸல்ஹாவின் பொன்னாங்காணிக் கீரைச் சுண்டல் கண்ணுக்கு வேலை செய்கிறது என்று நம்பினார்.

இன்றைக்கும் பிழை விடக் கூடாது. சட்டம் தெரிந்தவன் என்று எல்லோரும் பார்க்க வேண்டும்.

“பிரியுங்க தையலை!”

“வேணாம் நானா...”

“பிரியுங்க எண்டு சொல்றன்.”

பேணாட் ஊசியை எடுத்தார். முப்பத்திரண்டு துண்டுகளில் நாலைந்து பிரிந்ததும் உள்ளே இருந்த ரப்பர் பை தெரிந்தது. அதற்கும் தோலுக்கும் நடுவே, உள்துணியில் சின்னச் சின்னச் சலங்கை மணிகள்.

“எத்தனை?”

“ஆறு.”

“ஆறா!”

“ஒண்டை மட்டும் வைச்சாப் பந்து ஒரு பக்கம் இழுக்கும் நானா. ஆறு பக்கமும் வைச்சாத்தான் நேரா உருளும். பாரம் கூடாம இருக்க உள்துணியில ஒரு மடிப்பைக் குறைச்சனான்.”

“கள்ள வேலையைக் கூட என்ன வடிவாச் செய்திருக்கிறீங்க! ஆர் செய்யச் சொன்னது? எந்த ரீம்?”

பேணாட் இரண்டு அணித் தலைவர்களையும் பார்த்தார். குறிஞ்சாக்கேணி இன்பாஸ் ஏற்கெனவே கட்டியிருந்த சப்பாத்து நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான். சீனன்குடா மெல்ரோய், மூன்று நாளாகத் துறைமுகத்தில் நிற்கும் கப்பலை அன்றுதான் கண்டவன் போலப் பார்த்தான்.

“ஒருத்தரும் சொல்லேல்ல. என்ர பிழை.”

“இனி இந்த லீக்கில நீங்க ஒரு பந்தும் தைக்கேலாது.”

“ஓம் நானா.”

அந்த ‘ஓம்’ அவ்வளவு லேசாக வந்தது ஸெய்னுதீனை உறுத்தியது. களவு செய்தவன் வாதாடுவானே. இவன் ஏன் வாதாடவில்லை? நான் ஏதாவது பிழையாக...? சீச்சீ, சட்டம் சட்டம்தான்.

தனஞ்சயன் கடைப் பந்து ஒன்றைக் கொண்டுவந்தார். நூலே இல்லை, எல்லாத் துண்டும் சூட்டில் ஒட்டியவை. ஸெய்னுதீன் குலுக்கினார். சத்தமே இல்லை.

“இதுதான் பந்து!” என்று விசிலை ஊதினார்.

இரண்டு நிமிஷத்தில் அவருக்கு வியர்த்தது.

கொடியில் காயும் உடுப்புகள் போல இருபத்திரண்டு நிறங்கள் அங்குமிங்கும் ஆடின. நடுவில் பந்தைக் காணவில்லை. பொன்னாங்காணி இன்றைக்கென்று பார்த்துக் கைவிட்டுவிட்டதே!

“சேர், கை! கையில பட்டது!” என்று யாரோ கத்தினார்கள்.

யாருடைய கை? எந்தப் பக்கம்? விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். இறக்கினார். கோட்டுக்கு வெளியே தனஞ்சயன் கதிரையிலிருந்து எழும்பி, இவரையே பார்த்தபடி நின்றார்.

முடிந்தது, என்று நினைத்தார் ஸெய்னுதீன்.

அப்போது இடது பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

“கிலுங் கிலுங் கிலுங்...”

திரும்பினார். மணிச் சத்தம் இல்லை, மனிதக் குரல். பந்தை உருட்டிக்கொண்டு வந்த இன்பாஸ், வெட்கமே இல்லாமல் வாயால் கிலுங்கிக்கொண்டு ஓடிவந்தான்.

எதிரே பாய்ந்த மெல்ரோய், காலை நீட்டிப் பந்தைப் பறித்தான். இன்பாஸின் வாய் சட்டென்று மூடியது.

“கிலுங் கிலுங் கிலுங்...” என்று கத்தியபடி மெல்ரோய் எதிர்ப்பக்கக் கோலை நோக்கி ஓடத் தொடங்கினான்.