மூன்றாவது தடவை

"வேணாம்."

என் மகன் காய்லே தட்டிலிருந்த பன்னைத் தள்ளினான். சரி, பசியில்லை போல என்று தட்டை எடுத்தேன். அவ்வளவுதான், தரையில் விழுந்து காலை உதைத்து ஊரைக் கூட்டினான்.

தட்டைத் திரும்ப வைத்தேன்.

"வேணாம்."

எடுத்தேன். மறுபடியும் அதே ஒப்பாரி.

"வேணுமா, வேணாமாடா? ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலையேன்."

இரண்டரை வயசுக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது!

என் மனைவி யாச்சிங் ஈரத் தலையோடு வந்தாள்.

"குழந்தைகள் காப்பகத்துலயும் இதே கதைதான். சாப்பாடு வேணாங்கிறானாம், தட்டைத் தூக்கினா பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கிறானாம். இனி ஒரு தடவை இப்படிப் பண்ணினா கூட்டிட்டு வராதீங்கன்னு டீச்சர் சொல்லிட்டாங்க. அப்புறம் நான் வேலையை விட்டுட்டு வீட்டுல உட்கார வேண்டியதுதான்."

அவள் கண் கலங்கிவிட்டது. "இவனுக்கு ஏதாவது கோளாறா இருக்குமா? டாக்டர்கிட்ட காட்டிடலாமா?"

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. பதில் சொல்வதற்குள் அழைப்பு மணி அடித்தது.

கீழ்வீட்டு வெங் அக்கா. கையில் ஒரு பை நிறைய சீத்தாப்பழம்.

"தைதுங்ல இருக்கிற என் தம்பி தோட்டத்துப் பழம். வாங்கிக்கோ."

"ஐயோ, எதுக்குக்கா இதெல்லாம்? வேணாம்." யாச்சிங் இரண்டு கையாலும் பையைத் தள்ளினாள்.

"சும்மா வாங்கிக்கோ."

"வீட்டுல நிறைய இருக்குக்கா, வேணாம்."

எங்கள் வீட்டில் ஒரு வாழைப்பழம்கூடக் கிடையாது. அக்கா பையோடு லிப்ட் பக்கம் திரும்பியபோது, நிஜமாகவே கொண்டுபோய்விடுவாளோ என்று எனக்குக் கவலையாக இருந்தது. நல்லவேளை, திரும்பி வந்தாள்.

"எனக்காகம்மா."

யாச்சிங் வாங்கிக்கொண்டாள். "அடுத்த தடவை கொண்டு வரக் கூடாது, சொல்லிட்டேன்."

கதவைச் சாத்திய பிறகுதான் கவனித்தேன். காய்லே அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பன்னை எடுத்து நீட்டினேன்.

"வேணாம்."

இந்தத் தடவை தட்டை எடுக்கவில்லை. "சும்மா வாங்கிக்கோ."

"வேணாம்." கை தள்ளியது, கண் பன்னை விட்டு நகரவில்லை.

"அப்பாவுக்காக."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். வாய் நிறையக் கடித்துவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னான்.

"அடுத்த தடவை கொண்டு வரக் கூடாது."

யாச்சிங் பழப்பையோடு அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். முகம் சிவந்துபோயிருந்தது. பிறகு டீச்சருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அவன் வேணாம்னதும் தட்டை எடுத்துடாதீங்க டீச்சர். இன்னும் ரெண்டு தடவை கேட்டுப் பாருங்க. அவனுக்கு ஒரு கோளாறும் இல்ல, எங்களைப் பார்த்துக் கத்துக்கிட்டிருக்கான்."



"உங்களை மட்டும் பார்த்து இல்லம்மா," என்றார் டீச்சர். "அவனைச் சேர்த்த அன்னிக்கு நீங்க கொடுத்த தேயிலை டப்பாவை நானும் மூணாவது தடவைதானே வாங்கினேன்? அப்ப அவன் என் இடுப்புலதான் இருந்தான்."