பல்லில் பட்ட சாயம்

“அந்தக் கியர் பல்லைப் பாக்கிற நேரத்துல பாதியாவது என் மூஞ்சியைப் பாத்திருக்கீங்களா?”

“உன் மூஞ்சி எங்க ஓடிடப் போகுது? நாளைக்குப் பாத்துக்கலாம்.”

இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே பட்டறையில், இதே பெஞ்சில் நடந்த பேச்சு. மெக்கானிக் தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னார். மனைவி, “நல்லா வாச்சீங்க எனக்கு” என்று தோளில் ஓர் இடி இடித்துவிட்டு டீ போடப் போனாள்.

அந்தப் பேச்சை அவர் இப்போது தினமும் நினைத்துக்கொள்கிறார். ஆறு மாதமாக, எதை நேராகப் பார்க்கிறாரோ அந்த இடத்தில் ஒரு சாம்பல் வட்டம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சுற்றிலும் இருப்பது மங்கலாகத் தெரியும். நடக்கலாம், கதவைத் திறக்கலாம். பார்க்க நினைத்தது மட்டும் தெரியாது. தனியாகப் போய்க் காட்டினார். போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மனைவியிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால் அன்றைக்கே பட்டறையைப் பூட்டிவிடுவாள். முப்பது வருஷம் ஸ்பேனர் பிடித்த கை மடியில் சும்மா கிடப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவளிடம் கேட்க ஒன்றே ஒன்று மட்டும் நெஞ்சில் கிடந்தது. கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் தினமும் விழுங்கிக்கொண்டார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அந்தக் கார் வந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும் ஸ்போர்ட்ஸ் கார். இன்ஜினை எப்படியெல்லாமோ மாற்றி வேகம் ஏற்றி வைத்திருந்தான் அதன் சொந்தக்காரன். ராக்கெட் என்றுதான் அவனை எல்லோரும் கூப்பிடுவார்கள்.

“அண்ணே, வளைவுல முடுக்கினா ஒரு சக்கரம் வெறுமனே சுத்துது, இன்னொண்ணு தூங்குது. சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிச்சுக் குடுக்கிற டிஃபரன்ஷியல்ல, நடுவுல இருக்கிறதைப் போன வருஷமே மாத்திட்டீங்க. முன்னாடி, பின்னாடி ரெண்டையும் மாத்திக் குடுங்க. ஞாயித்துக்கிழமை மலைப்பாதையில ரேஸ்.”

“பல்லு சரியா உக்காரலைன்னா மலை மேலேயே உடைஞ்சு சக்கரம் பூட்டிக்கும் தம்பி. உயிர் சமாச்சாரம்.”

“அதான் உங்ககிட்ட வந்திருக்கேன். உங்க கண்ணுக்குத் தப்புமா?”

முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரை வந்துவிட்டது. மனைவி முந்திக்கொண்டாள்.

“வெள்ளிக்கிழமை வாங்க தம்பி. முடிச்சு வச்சிருப்பார்.”

வேலை தொடங்கியது. சாமான் எடுத்துக் கொடுப்பது மனைவிதான். நாலு மாதமாக அவள் ஒரேயடியாக வாயாடியாகிவிட்டாள்.

“இந்தாங்க, பதினாலாம் நம்பர் ஸ்பேனர். காருக்குப் பின்னாடி ஆயில் சிந்தியிருக்கு, நான் வழுக்கி விழப் பாத்தேன். ஜாக்கி வேற இடது பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கு, என் காலைப் பேத்துடுச்சு.”

“ரேடியோவை முழுங்கிட்டியா?”

“உங்களைக் கட்டிக்கிட்டவ வேற யார்கிட்ட பேசறதாம்?”

கழற்றுவதையும் மாட்டுவதையும் விரல்களே பார்த்துக்கொண்டன. கடைசியில்தான் கண் வேண்டும். பெரிய கியரின் பல்லில் மஞ்சள் சாயம் பூசிக் கையால் சுற்றினால், சின்ன கியர் அழுந்திய இடத்தில் தடம் விழும். தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டை மாற்றிப் போட வேண்டும்.

அதற்கும் அவர் ஒரு தந்திரம் வைத்திருந்தார்.

“எங்க, இத்தனை வருஷம் பக்கத்துல உக்காந்து என்ன கத்துக்கிட்டேன்னு பாப்போம். மஞ்சள் எங்க அழுந்தியிருக்கு?”

“பரீட்சை வைக்கிறீங்களாக்கும்! வெளி ஓரத்துல.”

“எவ்வளவு தள்ளி?”

“ஒரு நகம் அகலம்.”

தகட்டை மாற்றினார். “இப்ப?”

“அவசரப்படாதீங்க. வெளிச்சத்துல பாத்துச் சொல்றேன்... இன்னும் மயிரிழை இருக்கு.”

ஒன்பது தடவை கழற்றி மாட்டினார்கள். ஒன்பதாவது தடவை அவள் நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள். “நடுவுல. பொட்டு வச்ச மாதிரி.”

“பாஸ்!” என்றார் மெக்கானிக்.

வெள்ளிக்கிழமை, பட்டறைக்கு முன்னால் இருந்த காலி இடத்தில் ராக்கெட் காரை மெதுவாக எட்டு வடிவில் ஓட்டினான். புது டிஃபரன்ஷியலைப் பழக்குவது அப்படித்தான். மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முனகல் இல்லை, உரசல் இல்லை.

“தண்டவாளத்துல போற மாதிரி இருக்குண்ணே! கண்ணுன்னா உங்க கண்ணுதான்!” என்று கத்திவிட்டு அவன் கிளம்பிப் போனான்.

சத்தம் தேய்ந்து அடங்கியது. மெக்கானிக் பெஞ்சைத் தடவிச் சாய டப்பாவை எடுத்து ஆட்டிப் பார்த்தார்.

“தீரப் போகுது. இன்னொரு மஞ்சள் வாங்கி வச்சிடு.”

அவள் அவர் கையிலிருந்து டப்பாவை வாங்கிக்கொண்டாள். பேசியபோது அந்த வாயாடியின் குரல் உடைந்திருந்தது.

“மஞ்சள் தீர்ந்து நாலு மாசமாச்சுங்க. கிடைக்கலைன்னு வெள்ளை வாங்கி வச்சேன். ஏன்டீ வெள்ளைன்னு கேப்பீங்க, கேப்பீங்கன்னு அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தேன்.”

அவர் கையை நீட்டினார். அது காற்றில் இடம் தேடுவதற்குள் அவள் பிடித்துக்கொண்டாள்.

“பல்லைப் பாத்துச் சொன்னியே...” என்றார் அவர். “அதே மாதிரி உன் மூஞ்சி இப்ப எப்படி இருக்குன்னு, கொஞ்சம் பாத்துச் சொல்லேன்.”