புது மதர்போர்டு, பழைய ரேம்

"நேத்து பூசைக்கு முன்னாடித்தானண்ணே புது மதர்போர்டு மாட்டுனீங்க? இன்னைக்கு ஆன் ஆகவே மாட்டேங்குது. சாயங்காலத்துக்குள்ள வேலைக்கு அப்ளிகேஷன் போட்டாகணும்" என்று பொரிந்தாள் அஸ்வினி. அம்மா ஒச்சாயி பக்கத்தில் நின்றாள்.

மெக்கானிக் சிவக்குமார் எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தான். கடைசியில் ரேமில் அப்பியிருந்ததைத் துடைத்துச் செருகியதும் கம்ப்யூட்டர் ஓடியது.

"புது போர்டுக்கும் பழைய ரேமுக்கும் ஒத்துக்கலையாண்ணே?"

"இல்லத்தா, நேத்து நாந்தேன் சரியா அழுத்தாம விட்டுட்டேன்."

"நல்லா பாத்தீங்க வேலை. எம்பொழப்பே போயிருக்கும்."

அவன் சிரித்தபடி கிளம்பினான். வாசல்வரை வந்த ஒச்சாயிக்குக் கண் கலங்கியது.

"மககிட்டக் காட்டிக்குடுக்காம பழிய நீ ஏத்துக்கிட்டியேப்பா. நல்லாயிருப்ப."

"இருக்கட்டும்மா. அடுத்த வருச ஆயுத பூசைக்குச் சந்தனப் பொட்டைக் கம்ப்யூட்டர் பெட்டிக்கு வெளிய மட்டும் வைங்க."